அந்திப் பெரட்டு

தம்பி, ஞாயிற்றுக்கிழமை லீவை எடுத்துவிட்டுப் பௌர்ணமி, அமாவாசை என்று போயா நாளுக்கு லீவு கொடுக்க ஆரம்பித்தார்களே, அந்த வருஷம்தான் உன் அம்மாவை முதல் தடவை மறியலுக்கு, அதாவது சிறைக்கு, கொண்டுபோனார்கள். எனக்கு வருஷத்தை இலக்கமாகச் சொல்லத் தெரியாது. ஆனால் எது எதற்கு முன்னால், எது எதற்குப் பின்னால் என்று கேட்டால் பிசகாமல் சொல்வேன். நம் ஆட்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று இரண்டு நாட்டுக்காரரும் எங்களைக் கேட்காமலே பேசி முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூப்பன் அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைந்தது அந்த வருஷக் கடைசியில். நீ அப்போது, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் ஆயாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். அம்மா அப்போது பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று பிற்பாடு உனக்குச் சொல்லி வளர்த்தேன். லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னேன். அவர்கள் யாரும் நம்பவில்லை. நீ நம்பினாய். இருபது வருஷத்துக்கு மேல் நம்பிவிட்டாய்.

உன் கடிதம் போன கிழமை வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்தது, பெண் வீட்டார் பண்டாரவளையில் மண்டபம் பேசியது எல்லாம் சந்தோஷம். அதற்குக் கீழே, அத்தை கல்யாணத்துக்கு வர வேண்டாம், அவர் மறியலில் இருந்தவர் என்று பெண் வீட்டாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், பின்னேரம் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவரும்போதும் அவர் அங்கே நிற்க வேண்டாம், எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நானே வந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாய். உன் அப்பனுக்கு எழுத்து வராது என்பதும், உன் கடிதத்தை இந்த வீட்டில் யார் வாசித்துக் காட்டுவார்கள் என்பதும் அந்த வரியை எழுதும்போது உனக்கு மறந்துபோய்விட்டது. உன் அத்தை, அவள்தான் வாசித்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே சீராக வாசித்தாள். அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். எனக்குத் தெரியவா போகிறது? தாண்டவில்லை. குரலும் மாறவில்லை. வாசித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, "தம்பி எழுத்து இப்ப நல்லா உருண்டையா வருதுண்ணே, முந்தி கோழி கெளறுன மாதிரி இருக்கும்" என்றாள். பிறகு எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவள்தான். கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நாள் மாட்டேன் என்றாள். "வேற ஆள் வச்சு எழுதுங்கண்ணே, என்னைப் பத்தி என் கையால எப்படி எழுதுறது?" என்றாள். "உன்னைப் பத்தின வரிய உன் வாயால வாசிச்ச இல்ல? இதையும் எழுது" என்று சொல்லி உட்காரவைத்தேன். நான் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும், கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று ஒப்பந்தம். இந்த வரியையும் எழுதிவிட்டாளா என்று கேட்டேன். எழுதிவிட்டேன் என்கிறாள். நம்புகிறேன். உன் மனைவியாக வரப்போகிற பிள்ளைக்கும் இதை வாசித்துக் காட்டு. அவள் டவுனில் வளர்ந்தவள், தோட்டத்துச் சங்கதி தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் விளக்கிச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

உன் அம்மா குடித்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்தபோது வழக்கப்படி அவளுக்குக் காயம் இடித்துக் கொடுத்தார்கள். மிளகு, திப்பிலி, சுக்கு, பூண்டு எல்லாம் சேர்த்து இடித்துப் பனைவெல்லம் போட்டு உருட்டுவது. நம் லயத்தில் அதோடு அரைக் கிளாஸ் சாராயமும் கொடுப்பார்கள். உடம்பு வலி தீரும், குளிர் அண்டாது, பால் ஊறும் என்பார்கள். நாற்பது நாள். அதற்கு மேல் மலைக்குப் போய்விட வேண்டும், தேயிலைக் கொழுந்து காத்திருக்காது. அவளுக்கு நாற்பது நாள் முடிந்தது, சாராயம் முடியவில்லை. அது உன் குற்றம் இல்லை, தம்பி. அப்படி ஒரு நினைப்பு உனக்கு வந்தால் இந்த இடத்திலேயே அதை விட்டுவிடு. கொடுத்தது நான்தான். நானும் அப்போது குடித்தேன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் ஒரு மணிக்கே வேலை முடிந்து வந்துவிடுவோம், வேறு என்ன வேலை? ஆண் குடித்தால் அலுப்புக்குக் குடிக்கிறான் என்பார்கள். பெண் குடித்தால் வேறு பேர். அவள் மறைத்து மறைத்துக் குடித்தாள். சாராயம் கிடைக்காதபோது கசிப்பு, கள்ளச் சாராயம். பள்ளத்தில் கசிப்புக் காய்ச்சுகிறவன், அவளுடைய கொழுந்துக் கூடைக்குள் போத்தலை வைத்து ரோட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வான். அதற்குக் கூலியாக அவளுக்கும் ஒரு போத்தல். ஒரு நாள் ரோட்டில் பொலிஸ் நின்றது. கூடையில் மேலே கொழுந்து, கீழே ஆறு போத்தல். பதுளையில் ஆறு மாத மறியல்.

அந்த ஆறு மாதமும் நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. வெட்கம். அவளிடமிருந்து மூன்று கடிதம் வந்தது. தோட்டத்துத் தபால்காரன் காலைப் பெரட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் கொண்டுவந்து நீட்டினான், உறையில் மறியல் முத்திரையோடு. பெரட்டு என்றால், மகளே, நீ வாசித்தால் உனக்காகச் சொல்கிறேன், விடிந்ததும் எங்களை எல்லாம் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, நீ இந்த மலைக்கு, நீ அந்த மலைக்கு என்று அனுப்புகிற இடம். அங்கே தும்மினால்கூட மூன்று லயத்துக்குத் தெரியும். "ஆஸ்பத்திரியில எல்லாம் இப்ப முத்திர குத்துறாங்களா மாமா?" என்று ஒருவன் கேட்டான். சிரித்தார்கள். நான் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கு எழுத்து வராது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்க மூன்று பேர் இருந்தார்கள். கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், அப்புத்தளை ஸ்டேசனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த காசிம் நானா. மூன்று பேரிடமும் போகவில்லை. என் பெண்டாட்டி மறியலில் இருந்து என்ன எழுதியிருக்கிறாள் என்பது இன்னொருவன் வாயிலிருந்து வர வேண்டுமா என்று இருந்தது. மூன்றையும் தேயிலைத் தூள் போட்டு வைக்கிற தகர டின்னுக்குள் போட்டு மூடினேன்.

விடுதலை நாளில் மட்டும் போனேன். மறியல் வாசலில் மெலிந்துபோய் நின்றாள். கண் சிவப்பு இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அப்படிப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"நான் எழுதுன காயிதம் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"மூணுமா?"

"மூணும்."

"வாசிச்சாங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வாசிச்சாங்க, வாசிச்சாங்க" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை எல்லாம் தாண்டி வீடு வருகிறவரைக்கும் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். வீட்டில் லயத்துப் பெண்கள் அவளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி, "புள்ள பெத்தவ மாதிரி கெடக்கா, காயம் இடிச்சுக் குடுத்தா தேறிருவா" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவளை ஆறு மாதம் பார்க்கப் போகாத குற்றத்தை எதைச் செய்து தீர்ப்பது என்று தவித்துக்கொண்டிருந்தேன். நானே என் கையால் இடித்தேன். உருட்டினேன். வழக்கம் என்னவோ அப்படியே அரைக் கிளாஸ் சாராயமும் ஊற்றி, நீ அவள் மடியில் படுத்திருக்க, அவள் கையில் கொடுத்தேன். அவள் கிளாஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சுதான் குடுக்கிறீங்களா?" என்றாள். மருந்து, குடி என்றேன். அவள் உன்னை மடியிலிருந்து தூக்கிப் பாயில் படுக்கவைத்துவிட்டுக் குடித்தாள்.

மூன்றாம் மாதம் மறுபடி பொலிஸ். இந்தத் தடவை ஒரு வருஷம்.

அவளைக் கொண்டுபோன மறுநாள் அந்த டின்னை எடுத்துக்கொண்டு காசிம் நானா கடைக்குப் போனேன். அவர் ஆட்களுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். ஆள் குறையும்வரை நின்று, டின்னை மேசையில் வைத்தேன். உறையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே கூட்டிப்போய் அரிசி மூட்டையில் உட்காரவைத்தார். "இதுல எழுதி ஈக்கிறத அப்பிடியே வாசிக்கட்டா தம்பி?" என்றார். மூன்று கடிதத்திலும் பெரிதாக வேறு எதுவும் இல்லை. பிள்ளை நடக்கிறானா, இருமல் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். மற்றது எல்லாம் ஒரே சங்கதி. நான் வருகிற நாளில் வீட்டில் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. காயத்தோடுகூடக் கொடுத்துவிடாதீங்க. நான் கேட்டு அழுதாலும் கொடுக்காதீங்க. பின்னேரம் நாலு மணிக்குக் கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகு மட்டும் என்னைத் தனியாக விட்டுவிடாதீங்க. மற்ற நேரத்தை நான் பார்த்துக்கொள்வேன். இதுதான். முதல் கடிதத்தில் ஒரு தடவை, இரண்டாவதில் இரண்டு தடவை. மூன்றாவதின் கடைசியில் வேறு ஒருத்தி தன் பங்குக்கு எழுதியிருந்தாள். "அண்ணே, இதை எழுதித் தருகிற நான் லுணுகலைக்காரி. இவ சொல்றது நெசம். இங்க இவ பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். கேளுங்கண்ணே."

காசிம் நானா கண்ணாடியைக் கழற்றினார். "இது வந்து எவ்வளவு நாள்?" என்றார். கடைசிக் கடிதமே வந்து நாலு மாதத்துக்கு மேல் ஆகிறது என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதங்களை வந்த வரிசைப்படி மடித்து உறையில் போட்டு, "இனிமே ஒங்களுக்குக் காயிதம் வந்தா நேரா இங்க வாங்க. கடையில ஆள் ஈந்தாலும் வாங்க" என்றார். அதற்குப் பிறகு எழுத்துத் தெரிந்த ஒரு ஆள் நம் வீட்டுக்கு வரும்வரைக்கும் நம் கடிதம் எல்லாம் அந்த அரிசி மூட்டையில் வைத்துத்தான் வாசிக்கப்பட்டது.

அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார். மூன்று கடிதமும் வாசிக்கக் கேட்டேன் என்று சொன்ன புருஷன், கேட்டுவிட்டும் ஊற்றிக் கொடுக்கிறான். இவள் தேறமாட்டாள், எப்படியோ போகட்டும் என்று முடிவு செய்துவிட்டான் என்றுதான் நினைத்தாளாம். பிறகு அவளே என்னிடம் சொன்னாள். எழுத்து வராதது என் குற்றம் இல்லை. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசித்தார்கள் என்று சொன்னதுதான் குற்றம்.

இரண்டாம் தடவை, உள்ளே இருப்பவர்களைப் பார்க்க விடுகிற பார்வை நாள் ஒன்றையும் விடவில்லை. காலை ரயிலில் பதுளைக்குப் போய், நின்று, கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தபடி அவளிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப நான் யாரையும் வாசிக்க வைக்கல புள்ள. ரயில்ல பொய் சொன்னேன்." அவள் பக்கத்தில் நின்ற ஒருத்தியைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா, நான் சொல்லல, இவருக்கு எழுத்துத்தான் வராது, மனசு வரும்னு" என்றாள். அந்த ஒருத்திதான் கடிதத்தில் எழுதியிருந்த லுணுகலைக்காரி. நல்ல உயரம், பேசினால் கட்டிடம் அதிரும். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கசிப்புக் காய்ச்சி, காய்ச்சியதில் பாதியைத் தானே குடித்து, பிடிக்க வந்த பொலிஸ்காரன் காலில் கொதிக்கிற பானையைப் போட்டவள். அதனால்தான் அவளுக்கு நீண்ட மறியல். "வேணும்னு போடல, கை நடுங்கிருச்சு" என்று இன்றைக்கும் சொல்கிறாள். இப்போதும் எழுதிக்கொண்டே அதையேதான் சொல்கிறாள்.

மறியலில் பெண்களை வைத்திருக்கிற பெண்கள் கட்டைப் பார்த்துக்கொண்டது ஒரு சிங்கள அம்மா. சோமா நோனா என்று கூப்பிடுவார்கள். குடித்துப் பழகி உள்ளே வருகிற பெண்களுக்கு முதல் இரண்டு கிழமை, பதினாலு நாள், மோசமாக இருக்குமாம். கை உதறும், வாந்தி வரும், உடம்பில் எறும்பு ஊர்கிறது என்று கத்துவார்கள். உன் அம்மாவுக்கும் லுணுகலைக்காரிக்கும் அந்த நாட்களில் உப்புக் கஞ்சியை ஊட்டிவிட்டது அந்த அம்மாதான். ஒரு நாள் அவர், "ஏன் நாலு மணி வந்தா எல்லா பொம்பளையும் சண்டை? காலையில நல்லம்தானே?" என்று கேட்டாராம். உன் அம்மா சொல்லியிருக்கிறாள். "காலையில எங்களுக்குப் பெரட்டு இருக்கு நோனா. பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, போவோம். நாலு மணிக்குக் கொழுந்து நிறுத்த பொறகு எங்களை யாரும் கூப்பிடுறதில்ல. போத்தல் மட்டுந்தான் கூப்பிடும்." அந்த அம்மா யோசித்தார். "அப்ப நாலு மணிக்கும் வைப்போம்" என்றார். அன்றையிலிருந்து பெண்கள் கட்டுக்குள் பின்னேரம் ஒரு பெரட்டு. வேலைக்கு அனுப்புவதற்கு இல்லை. வரிசையில் நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள், இருக்கேன் என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இருட்டும்வரை எல்லோரும் கீரைப் பாத்தியில் ஒன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். பேர் கூப்பிடும்போது கோபமாக இருந்தால் கோபமாக இருக்கேன் என்று சொல்லலாம். குடிக்க வேண்டும் போல் இருந்தால் அதையும் சொல்லலாம். யாரும் திட்டக் கூடாது என்பது சட்டம்.

உன் அம்மா இரண்டாம் தடவை வெளியே வந்தபோது நான் வீட்டில் போத்தல் வைத்திருக்கவில்லை. நானும் விட்டிருந்தேன். சுலபமாக விட்டேன் என்று சொன்னால் பொய். நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவக் கொட்டகை வாசலில் போய் நிற்பேன். அவள் கூடையை இறக்கியதும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். இருக்கேன் என்பாள். இருவரும் சேர்ந்து நடந்து வருவோம். லயத்து ஆண்களுக்கு இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "காலையில கங்காணி பெரட்டு வைக்கிறாரு, அந்தியில இவரு பொண்டாட்டிக்குப் பெரட்டு வைக்கிறாரு" என்றார்கள். அந்திக் கங்காணி என்று எனக்குப் பட்டப்பெயர். உனக்கும் தெரியுமே, பள்ளிக்கூடத்தில் உன்னை அந்திக் கங்காணி மகன் என்று கூப்பிட்டதற்குச் சண்டை போட்டுக்கொண்டு வருவாயே. பெயர் எப்படி வந்தது என்று நீ கேட்டபோது நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிறகு லுணுகலைக்காரி வெளியே வந்தாள். அவளை அழைத்துப்போக வாசலில் யாரும் இல்லை. அவள் உள்ளே இருந்தபோதே அவள் புருஷன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான். போவதாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நானும் உன் அம்மாவும்தான் போய் நின்றோம். தோட்டத்தில் பேர் பதியாத ஆளை வீட்டில் வைக்க முடியாது. கணக்கப்பிள்ளை யார் இது என்று கேட்டார். "என் தங்கச்சிங்க, சித்தப்பா மக" என்றேன். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "உங்க சித்தப்பா ஒசரமா இருப்பாரோ?" என்றார். "பனமரம் மாதிரிங்க" என்றேன். அப்படித்தான் அவள் உனக்கு அத்தை ஆனாள். கணக்கப்பிள்ளைக்குச் சொன்னது பொய்தான். ஆனால் காசிம் நானா கடையில் அந்த மூன்றாவது கடிதத்தில் அண்ணே என்று கேட்ட அன்றைக்கே எனக்கு அவள் தங்கச்சி ஆகிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்தவர்களை நீயே பார்த்திருக்கிறாய். சோமா நோனா வெளியே விடுகிற பெண்களிடம் நம் தோட்டத்துப் பேரைச் சொல்லி அனுப்புவார். வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து மீனாட்சி வந்தாள். மூன்று தடவை தேறி மூன்று தடவையும் விழுந்து, நாலாம் தடவை நின்றாள். பழனியம்மா ஒரு மாதம் நம் வீட்டில் இருந்தாள். நன்றாகப் பாடுவாள், உனக்குச் சோறு ஊட்டுவாள். ஒரு போயா லீவில் ஊருக்குப் போய் வருகிறேன் என்று போனவள் வரவில்லை. குடித்துவிட்டுத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து செத்துக் கிடந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். உன் அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. எல்லோரையும் கரை சேர்த்தோம் என்று நான் சொல்ல வரவில்லை. லயத்து வாசலில் நாலு மணிக்கு வரிசையில் நிற்பார்கள், உன் அம்மா பேர் கூப்பிடுவாள், இருக்கேன் என்பார்கள். நீயும் கடைசியில் போய் நின்றுகொண்டு, உன் பேரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே இருக்கேன் என்று கத்துவாய். ஏதோ பஜனை என்று நினைத்திருப்பாய். அவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள் என்றும் நினைத்திருப்பாய். உனக்கு அத்தனை சின்னம்மா எங்கிருந்து வந்தார்கள் என்று இப்போது விளங்குகிறதா?

பாண் ரொட்டிக்கு விடியுமுன் வரிசையில் நின்றோமே, மரவள்ளிக்கிழங்கும் தேத்தண்ணியும் மட்டும் என்று இருந்ததே, அந்தப் பஞ்சத்தில் உன் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அடுத்த வருஷம் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. அதைப் பார்க்க அவள் இல்லை. அந்தக் கடைசி நாட்களில் நிஜமாகவே ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். ஏழு வருஷம் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்த உடம்பு, மெலிந்திருந்தாலும் சுத்தமாக இருந்தது. கடைசி நாளில் நாலு மணிக்கு நான் கட்டில் பக்கத்தில் நின்று பேரைச் சொன்னேன். பேச முடியவில்லை. கையை உயர்த்திக் காட்டினாள்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு வழக்கப்படி சாராயம் ஊற்றினார்கள். என் கையிலும் ஒரு கிளாஸைக் கொடுத்தார்கள். பெண்டாட்டி செத்தவன் குடிக்காவிட்டால் யார் குடிப்பது என்றார்கள். வாய்க்கிட்டக் கொண்டுபோய்விட்டேன். உன் அத்தை வாசலில் வந்து நின்றாள். ஆண்கள் இருக்கிற இடத்துக்குப் பெண் வரக் கூடாத நேரம் அது. "அண்ணே, மணி நாலாச்சு. இனி நான்தான் பேர் கூப்பிடணும். மொத உங்க பேரக் கூப்பிடவா?" என்றாள். ஒருவன், "போத்தல் தேடி வந்திருக்கா பாரு" என்று கேலி பண்ணினான். அவள் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் பேரைக் கூப்பிட்டாள். நான் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இருக்கேன் என்றேன். அன்றைக்கு அவள் வராமல் இருந்திருந்தால் நீ எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாய், என்ன ஆகியிருப்பாய் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கொழுந்து எடுத்தது அவள், உன்னைப் படிக்கவைத்தது அவள், உன் பாடத்தைக் கேட்டுத் தப்பு இருந்தால் தலையில் குட்டியதும் அவள். அவள் பிள்ளைகள் இரண்டும் இந்தியாவில் எந்த ஊரில் இருக்கின்றன என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். பண்டாரவளையில் காலையில் தாலி கட்டி, பின்னேரம் பெண்ணை இங்கே கூட்டிவருவதாக எழுதியிருக்கிறாய். வீட்டு வாசலில் ஆலாத்தி எடுத்துப் பெண்ணை உள்ளே கூப்பிட ஒருத்தி வேண்டும். உன் அம்மா இருந்தால் அவள். அவள் இல்லாத இடத்தில் உன் அத்தை நிற்க வேண்டும் என்று கேட்கிறேன். எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டாள். "அண்ணே, அதுக்கு நான் ஆகாது. புருஷன் இருக்கானா இல்லையான்னே தெரியாதவ தட்டத் தூக்கப்படாது" என்கிறாள். "இல்லைன்னு யாரும் வந்து சொல்லலையே, அப்ப இருக்கான்னுதான் அர்த்தம்" என்றேன். "இருந்தா ஒரு காயிதம் போட்டுக் கேளுங்க, நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்று சிரித்துவிட்டு மறுபடி எடுத்திருக்கிறாள். கண் கலங்கியிருக்கிறது. இதை எழுதமாட்டேன் என்கிறாள். எழுது என்கிறேன்.

பெண் வீட்டார் கேட்டால் மறைக்காதே. மறியலில் இருந்தவள்தான் என்று சொல். என் அம்மாவும் இருந்தாள் என்று சேர்த்துச் சொல். நான் செய்த பிழையை நீ செய்யாதே. ரயிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நான் சொன்ன ஒரு சின்னப் பொய், ஒருத்தியை ஒரு வருஷம் திரும்ப உள்ளே தள்ளியது. உன் மனைவியிடம் இப்படி ஒரு சொல்லை முதல் நாளே சொல்லிவிட்டுப் பிறகு அதைக் காப்பாற்றிக்கொண்டே காலம் தள்ளாதே. அவர்கள் அதற்காகக் கல்யாணம் வேண்டாம் என்றால் அது பெரிய சங்கடம், எனக்குத் தெரியும். அந்தச் சங்கடத்தை நீதான் சுமக்க வேண்டும், நான் சுலபமாக வாயால் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சொல்கிறேன். இன்னொன்று, அன்றைக்கு நம் லயத்து வாசலில் போத்தல் வேண்டாம். வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். தீர்மானம் உன்னுடையது. நீ வேண்டாம் என்று எழுதினால் அந்தக் கடிதத்தையும் இவள்தான் எனக்கு வாசிப்பாள், குரல் மாறாமல் வாசிப்பாள். இந்தத் தடவை அதை நினைத்துக்கொண்டு எழுது.

பெண்ணை அழைத்துக்கொண்டு நீ வருகிற நேரம் நாலு மணியாகத்தான் இருக்கும். அது அந்திப் பெரட்டு நேரம். வாசலில் நின்று நீ பேர் கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. பழனியம்மாவைக் கூப்பிட்டால் பதில் வராது. வெலிமடை மீனாட்சி போன வருஷம் அவள் மகள் வீட்டில் செத்துப்போனாள், சுத்தமாகச் செத்தாள். சோமா நோனா இல்லை. காசிம் நானா இல்லை. உன் அம்மா காமாட்சி, கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனவள், அவளும் இல்லை. அந்த வரிசையில் நின்றவர்களில், நீ கூப்பிட்டால் இருக்கேன் என்று சொல்ல இன்றைக்கு மிச்சம் இருப்பவள் ஒருத்திதான். அத்தை என்று கூப்பிடாதே, வரிசையில் கூப்பிடுகிற மாதிரி எல்லோருக்கும் கேட்க அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடு. எழுதமாட்டேன் என்று கையை இழுத்துக்கொள்கிறாள். எழுது புள்ள, உன் பேர்தானே. லுணுகலை அஞ்சலை.